சூடாக்க மட்டுமா மைக்ரோவேவ்?

எங்கள் முந்தல் பக்கத்து வீடுகளில் மைக்ரோவேவ் அவன் எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அனேகமாகக் குசினியில் இருக்காது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், ஒரு மூலையில், லேஸ் வைத்துத் தைத்த துணியைப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைச் சுமந்தபடி நிற்கும். ராத்திரி மிஞ்சிய கறியைச் சூடாக்க வேண்டுமென்றால் துணியைக் கொஞ்சம் தூக்குவார்கள். மிச்ச நேரமெல்லாம் அது ஒரு தளபாடம். கொத்தாந்தீவிலும் விருதோடையிலும் இருக்கும் என் தோழிகளிடம் கேட்டேன். அங்கும் இதே கதைதான்.

அந்தப் பெட்டியில் சமைக்கலாம் என்பதும், அதில் சமைப்பதை உம்மாமாரிடம் மட்டும் விடாமல் வீட்டிலுள்ள எல்லோரும் செய்யலாம் என்பதும் என் கருத்து. பெரிய சமையலைச் சொல்லவில்லை. சோறும் ஆணமும் அடுப்பிலேயே இருக்கட்டும். மாலையில் கொறிக்கும் சிற்றுண்டி, ஒரு கோப்பை தேநீர், நோன்பு திறக்க ஒரு பானம், இவற்றை மட்டும்தான் சொல்கிறேன்.

இந்தப் பெட்டி எங்கள் ஊர்களுக்கு வந்த வழி எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலானவை கடைக்குப் போய்த் தெரிந்தெடுத்து வாங்கியவை அல்ல. குவைத், கட்டார், சவூதி என்று போனவர்கள் கார்கோவில் போட்டு அனுப்பியவை. என் மாமி குவைத்தில் ஏழு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் சூடாக்கியதும், சோளம் பொரித்ததும், உருளைக்கிழங்கு அவித்ததும் மைக்ரோவேவில்தானாம். எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். திரும்பி வந்தபோது அதே மாதிரி ஒன்றைத் தனக்கும் வாங்கி வந்தார். வந்ததும் துணி போட்டு மூடிவிட்டார். ஏன் மாமி என்று கேட்டால், “பழுதாப் போயிரும் புள்ள” என்கிறார். யாரோ ஒருவர் வீட்டில் ஏழு வருடம் பாவித்துப் பழுதாகாத பொருள் சொந்த வீட்டில் எப்படிப் பழுதாகும்? இதைக் கேட்டால் மாமி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி, நோன்பு காலத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலுள்ள நேரத்தைப் பாருங்கள். பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வந்துவிடும். ஆனாலும் சமோசா வேண்டும், ரோல்ஸ் வேண்டும், கட்லட் வேண்டும். இவ்வளவும் எண்ணெய்த் தாச்சியில் பொரிந்து வர வேண்டும். இந்த ஆண்டுகளில் ரமழான் வருவது பெப்ரவரி, மார்ச் வெயிலில். தண்ணீர்கூடக் குடிக்காத ஒருவர் அந்த வெயிலில் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் நிற்கிறார். உம்மா வாயில் பேரீச்சம்பழமும் கையில் எண்ணெய்க் கரண்டியுமாக நின்றுகொண்டே நோன்பு திறந்த நாட்களை நான் போன ரமழானில் எண்ணினேன். 11 நாள். துஆ ஏற்றுக்கொள்ளப்படும் நேரம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

மைக்ரோவேவில் சமைப்பது ஏதோ புதுமோகம் என்று நினைப்பவர்களுக்காக அதன் பிறப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளுக்காக மக்னெற்றோன் என்ற குழாய் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் அதைச் செய்த ரேதியோன் நிறுவனத்தில் பேர்சி ஸ்பென்சர் என்ற பொறியியலாளர் இருந்தார். பாடசாலைப் படிப்பையே முடிக்காதவர். 1945இல் இயங்கிக்கொண்டிருந்த மக்னெற்றோனுக்கு அருகில் நின்றபோது அவருடைய பையிலிருந்த இனிப்புக் கட்டி உருகிப்போனது. அடுத்ததாக அவர் சோள விதைகளை அதன் முன் வைத்தார். பொரி பறந்தது. பிறகு ஒரு முட்டையை வைத்தார். அது வெடித்தது. (முட்டையை ஓட்டோடு மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. நாங்கள்தான் இன்னும் சோதித்துப் பார்க்கிறோம்.) 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அவன் ஆறடி உயரத்தை நெருங்கியது, எடை 340 கிலோ. வீட்டு மேசையில் வைக்கும் அளவுக்குச் சுருங்கி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1967இல். ஆகவே இது முதன்முதலில் சமைத்ததே சிற்றுண்டிதான். பழங்கறி சூடாக்குவது பிறகு வந்த பழக்கம்.

அடுத்தது பயம். “அந்தக் கதிர் கேன்சரைக் கொண்டு வரும்” என்று எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தோழிகளே, இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். மின்காந்த நிறமாலையில் நுண்ணலை இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டு அவனின் மீடிறன் 2.45 கிகாஹேர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மீடிறன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து இலத்திரனைப் பிய்த்தெடுக்கும் சக்தி நுண்ணலைக்கு இல்லை. அது உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளைத் திருப்பித் திருப்பி அலைக்கழிக்கிறது, அதனால் உணவு சூடாகிறது, அவ்வளவுதான். பொத்தானை நிறுத்தினால் அலையும் நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடியில் தெரியும் உலோக வலையின் துளைகள் மிகச் சிறியவை. சுமார் 12 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள அலை அவற்றுக்குள்ளால் வெளியே வர முடியாது. வீட்டு வைஃபையும் ஏறக்குறைய இதே மீடிறனில்தான், மிகக் குறைந்த வலுவில், வேலை செய்கிறது. அதற்குப் பயந்து யாரும் ஃபோனைக் கீழே வைத்ததாக நான் அறியவில்லை.

உண்மையாகவே கவனிக்க வேண்டியவை வேறு. கதவு சரியாக மூடாவிட்டாலோ, எங்கள் உப்புக் காற்றில் அதன் விளிம்பு துருப்பிடித்திருந்தாலோ பாவிக்கக் கூடாது. யோகட் கோப்பை, ஐஸ்கிறீம் டப்பா போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கை உள்ளே வைக்கக் கூடாது. எவர்சில்வர் கோப்பையும் கூடாது. விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருக்கும் தங்கக்கரை போட்ட பீங்கானும் கூடாது, அந்தக் கரை பொறி பறக்கும். கண்ணாடியும் கரை போடாத சாதாரணப் பீங்கானும் போதும்.

சரி, என்னதான் செய்யலாம்? நான் செய்து பார்த்தவற்றை மட்டும் எழுதுகிறேன். எங்கள் அவன் 800 வாட். உங்களுடையது அதைவிடச் சிறியதென்றால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்க மிகச் சுலபமானது பப்படம். சுழலும் கண்ணாடித் தட்டில் இரண்டு பப்படத்தை வெறுமனே வையுங்கள். 40 செக்கனிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வெள்ளையாகக் கொப்பளித்து வந்துவிடும். பப்படத்துக்குள் மிச்சமிருக்கும் சொட்டு ஈரம் நீராவியாகி அதை உப்ப வைக்கிறது. ஒரு துளி எண்ணெய் தேவையில்லை. பொரித்த பப்படத்தின் வாசம் இதில் வராதுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பச்சை வெங்காயம், தக்காளி, மிளகாய் பொடியாக அரிந்து, தேசிக்காய் பிழிந்து மேலே போட்டால், இந்தியாவில் மசாலா பப்பட் என்று கடைகளில் தருவது இதுதான்.

கச்சான் இன்னும் நல்லது. ஒரு கோப்பை கச்சானுக்கு உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, பீங்கானில் பரப்பி, ஒவ்வொரு நிமிடமும் கிளறிக் கிளறி நாலைந்து நிமிடம் வைக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். அதனால் “இன்னும் காணாது” என்று திரும்ப வைத்துவிடாதீர்கள், உள்ளே கருகிவிடும்.

மைக்ரோவேவுக்கென்றே செய்தது போலிருப்பது டோக்ளா. இது குஜராத்துச் சிற்றுண்டி. கொழும்பிலுள்ள மேமன்களின் முன்னோர் வந்த கத்தியவாரும் அந்தக் குஜராத்தில்தான் இருக்கிறது. ஒரு கோப்பை கடலை மாவுடன் உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் மஞ்சள், நசுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், அரைத் தேசிக்காயின் சாறு, முக்கால் கோப்பை தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். கடைசியாக அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டால் நுரைக்கும். நுரைத்த உடனேயே எண்ணெய் பூசிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாலரை நிமிடம் வைக்க வேண்டும். நுரை அடங்கவிட்டால் கல்லாகிவிடும். ஈர்க்கைக் குத்திப் பார்த்து மா ஒட்டாவிட்டால் சரி. கடுகு, கருவேப்பிலை தாளிப்பதை மட்டும் அடுப்பில் செய்து மேலே ஊற்றுங்கள். அடுப்பில் இட்லிச் சட்டி வைத்து ஆவியில் அவித்தால் இதற்கு 20 நிமிடமாவது ஆகும்.

இனிப்பு வேண்டுமென்றால் பேடா. ஒரு கோப்பை பால்மா, அரை டின்பால், ஒரு மேசைக்கரண்டி பட்டர். நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறி மொத்தம் மூன்று நிமிடம். ஏலக்காய் தூவி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டுங்கள். பால்மா விற்கும் விலைக்கு இது அடிக்கடி செய்யும் பண்டமல்ல. பெருநாளைக்குச் செய்யலாம்.

தேநீரில் ஒரு விடயம். வெறும் தண்ணீர் கொதிக்க வைக்க மைக்ரோவேவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மின்கேத்தல் அதைவிடச் சிக்கனம். அத்தோடு, வழவழப்பான கோப்பையில் தனித் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியும் கொதிக்காமல் அமைதியாக இருக்கும், கரண்டி பட்டதும் குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும். ஆனால் இஞ்சிப் பால்தேநீருக்கு இது நல்ல கருவி. பெரிய கோப்பையில் பாதிக்கு மட்டும் பாலும் தண்ணீரும் ஊற்றி, நசுக்கிய இஞ்சி, ஒரு துண்டுக் கறுவா, இரண்டு ஏலக்காய், தேயிலை போட்டு இரண்டு நிமிடம். கிளறி இன்னொரு நிமிடம். வடித்துக் குடிக்கலாம். பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழிந்து, குடிக்கும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் கூடிவிடும். சஹருக்கு, கொட்டை நீக்கிய நாலு பேரீச்சம்பழத்தைப் பாலில் போட்டு இரண்டு நிமிடம் வைத்து மசித்துக்கொண்டால் வயிறு தாங்கும். படிக்கும் பிள்ளைகளுக்கு ராத்திரியிலும் இது உதவும்.

முடியாததையும் சொல்ல வேண்டும். சமோசா, ரோல்ஸ், வடை இதில் வராது. பொரிப்பதற்காக எண்ணெயை உள்ளே வைத்துச் சூடாக்குவது ஆபத்து. பொரித்த சமோசாவைச் சூடாக்கினால்கூட, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்தோலை நனைத்துத் துணி மாதிரி ஆக்கிவிடும். வட்டிலப்பத்தையும் விட்டுவிடுங்கள். அதன் முட்டைக்குத் தேவை மெதுவான ஆவி. நோன்புக் கஞ்சி விறகடுப்பின் சொத்து. அதில் யாரும் கை வைக்க வேண்டாம். ஆனால் கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு அவிக்கலாம். முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடம் குத்தி ஆறு நிமிடம் வைத்தால் ஒரு பெரிய கிழங்கு வெந்துவிடும். இதில் மட்டுமே ஓர் அடுப்பும் அரை மணித்தியாலமும் மிச்சம்.

செலவு பற்றி வாப்பாமார் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 800 வாட் அவன் ஒன்று மின்சாரத்தில் சுமார் 1200 வாட் இழுக்கும். ஐந்து நிமிடம் ஓடினால் அலகில் பத்தில் ஒரு பங்கு. நாளுக்கு 15 நிமிடம் வீதம் ஒரு மாதத்துக்கு 9 அலகு. எங்கள் மின் கட்டணம் 60, 90 என்று படிப்படியாக ஏறுவதால், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்த 9 அலகே அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது புத்தி. அதேநேரம் எண்ணெய்ச் செலவையும் கணக்கில் சேருங்கள். ஒரு முறை பொரித்த எண்ணெயை மறுநாளும் மூன்றாம் நாளும் கொதிக்க வைத்துச் சாப்பிடும் செலவு பில்லில் வராது, கிளினிக்கில் வரும்.

தென்னைக்குப் பெயர்போன புத்தளத்தில் சிரட்டையும் மட்டையும் பாளையும் சும்மா கிடைக்கும்போது கரண்டுக்கு ஏன் காசு என்று என் உம்மம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி. 2022 நோன்பை யாரும் மறந்திருக்க மாட்டோம். கேஸ் வரிசையில் வெறும் சிலிண்டர்கள் நின்றன. ஏப்ரல் மாதக் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்குப் போனது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தை வைத்திருக்கும் எங்கள் மாவட்டமும், நோன்புக்குச் சில நாள் முன்பு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இருளில்தான் இருந்தது. அன்று எங்களைக் காப்பாற்றியது உம்மம்மாவின் மூன்று கல் அடுப்பு. அதை உடைக்கச் சொல்லும் ஆள் நானல்ல. ஆனால் அந்த அடுப்பின் புகை உம்மம்மாவின் நெஞ்சில் இருக்கிறது, இருமல் ராத்திரி முழுக்கக் கேட்கிறது. விறகு முதலான எரிபொருட்களின் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு கோப்பை தேத்தண்ணிக்காகவும் நாலு பப்படத்துக்காகவும் அந்தப் புகையை மூட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது சொல்லத் தயங்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். இந்தப் பெட்டியின் பெயரைத் தமிழில் எழுதினால் ‘அவன்’ என்றுதான் வருகிறது. ஆனால் எந்த வீட்டிலும் அவன் அதைத் தொடுவதில்லை. கடலுக்குப் போய் வந்த வாப்பாவும், இறால் பண்ணையில் ராத்திரி முழுக்கக் காவலிருந்த மாமாவும் களைத்துத்தான் வருகிறார்கள், அவர்களை நான் சொல்லவில்லை. அஸர் தொழுதுவிட்டு மஃரிப் வரைக்கும் கிரிக்கெட் விளையாடிவிட்டு வரும் நானாமாரைச் சொல்கிறேன். நெருப்பு, கொதி எண்ணெய், ஆம்பிளப் பிள்ளைக்கு ஏன் அந்த வேலை என்று இதுவரை ஒரு சாட்டு இருந்தது. இதில் நெருப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. நேரம் முடிந்தால் பெட்டியே கூப்பிடுகிறது. தரம் 7 படிக்கும் என் தம்பி இஞ்சித் தேநீர் போடப் பழகிவிட்டான், இப்போது என்னையே கிட்ட விடுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. இதை மேடைகளில் கேட்டுத் தலையாட்டுகிறோம்.

“பொத்தான் அமத்தத்தான் தெரியுமா என்று மாமியார் வீட்டில் கேட்பாங்க” என்று சில உம்மாமார் சொல்வார்கள். டோக்ளாவுக்கு மா கரைக்கவும் பதம் பார்க்கவும் தெரிந்த பிள்ளைக்கு அடுப்புச் சமையலும் வரும். அது கை பழகும் விடயம். பல்கலைக்கழகம் போவதற்கு உயர்தரப் பரீட்சையை வாழ்க்கையில் மூன்று தடவைதான் எழுதலாம்.

என்றாலும் எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தபோது உம்மாவின் வேலை குறையும் என்று நினைத்தோம். குறையவில்லை. அம்மியில் அரைத்த காலத்தில் ஒரு சம்பல் இருந்த இடத்தில் மூன்று சம்பல் வந்தது. மைக்ரோவேவும் அப்படித்தான் ஆகலாம். சமோசாவும் ரோல்ஸும் கட்லட்டும் அப்படியே இருக்க, கூடவே டோக்ளாவும் வேண்டும் என்று கேட்டால் உம்மா இன்னும் அதிக நேரம் குசினியில் நிற்பார். ஆகவே பெட்டியைத் திறப்பதோடு, நோன்பு திறக்கும் பாயில் கோப்பைகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். வரும் ரமழானில் திங்களும் வியாழனும் தாச்சியை அடுப்பில் வைப்பதில்லை. பேரீச்சம்பழம், பள்ளிக் கஞ்சி, மைக்ரோவேவில் ஒரு சிற்றுண்டி, ஒரு பானம். அந்த இரண்டையும் செய்வது நானும் தம்பியும். உம்மா அந்த நேரம் பாயில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் வீட்டுக்கு நான் வைத்த யோசனை.

உம்மா வியாழனுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். “சமோசா இல்லாட்டி வாப்பாட முகத்த நீயே பாத்துக்கோ” என்றார். வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டே, ஆளுக்கு எத்தனை பப்படம் என்று கேட்டார்.